நிமிடத்துக்கு 80 சுற்று

பழைய இசைத்தட்டுகளின் ஒலியைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் இருந்தபோது, 1920களில் வெளிவந்த, கொலம்பியா நிறுவனத்தின் தட்டு ஒன்று என் மேசைக்கு வந்தது. ஜோசஃபின் லௌஷே, மேரி உடோவிச் என்ற இரு பெண்கள் ஸ்லோவேனிய மொழியில் சேர்ந்து பாடியிருந்தார்கள். பியானோ வாசித்தவர் ஜோசஃபினின் சகோதரர் வில்லியம். தொழிலால் பல் மருத்துவர். போல்கா என்ற துள்ளல் நடன இசையின் கிளீவ்லாந்து பாணிக்கு அடித்தளம் இட்டவர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். இன்னொரு சகோதரர் ஃபிராங்க், பின்னாளில் ஒஹையோ மாநிலத்தின் ஆளுநரானார். அரக்குத் தட்டு அது. அந்தக் காலத்தில் உலகத்துக்கே அரக்கு அனுப்பியது நம் நாடு என்பதால், அத்தகைய தட்டுகளைத் தொடும்போதெல்லாம் எனக்கு ஒரு நெருக்கம் தோன்றும்.

வழக்கம்போல் நிமிடத்துக்கு 78 சுற்றில் ஓடவிட்டேன். தட்டுகளைப் பார்க்க வந்திருந்த ஸ்லோவேனியக் குடும்பத்து மூதாட்டி ஒருவர் கூடவே முணுமுணுத்தார்; இரண்டாவது அடியில் நிறுத்திவிட்டார். “இவர்களுக்கு இவ்வளவு வயதில்லை” என்றார்.

பியானோவின் சுருதியைச் சரிபார்த்தேன். ஒவ்வொரு சுரமும் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் விழுந்துகொண்டிருந்தது. அந்நாளில் நிறுவனத்துக்கு நிறுவனம் வேகம் மாறும். எனக்குத் தெரிந்த செய்திதான். ஆனாலும் கை பழக்கத்தில் 78ஐ வைத்துவிட்டது. 80க்கு ஏற்றியதும் பியானோ தன் கட்டைகளில் வந்து உட்கார்ந்தது. குரல்களில் இருந்த களைப்பு போய், இரண்டு இளம்பெண்கள் பாடினார்கள். பதினைந்து ஆண்டு அனுபவம் எனக்கு. அவருக்கோ காது இருந்தது.

அவரும் அவருடைய அக்காவும் சிறுவயதில் உள்ளூர் வானொலியின் ஸ்லோவேனிய நிகழ்ச்சியில் பாடியவர்களாம். இருவருக்கும் ஒரே மைக். அக்கா மேல் குரல், இவர் கீழ்க் குரல். எல்லாம் நேரடி ஒலிபரப்பு. பதிவு எதுவும் இல்லை. தொலைக்காட்சியிலும் அதே கதைதான். ஒஹையோவின் முதல் தொலைக்காட்சி நிலையம் 1947 டிசம்பரில் அந்த நகரில்தான் தொடங்கியது. 1956 முதல் அதே நிலையம் ‘போல்கா வெரைட்டீஸ்’ நிகழ்ச்சியை ஆண்டுக்கணக்கில் நடத்தியது. வீடியோ நாடாவே அந்த ஆண்டுதான் புழக்கத்துக்கு வந்தது. விலையும் அதிகம் என்பதால் பதிந்ததை அழித்துவிட்டு மேலே வேறொன்றைப் பதிவார்கள். எத்தனை பேர் பாடிய பாட்டு அப்படிப் போயிற்றோ! இன்றும் அதை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

“உங்கள் குரலையாவது பதியலாமா?” என்று கேட்டேன். சற்று யோசித்துச் சம்மதித்தார். எழுந்து நிற்கவும் முடிந்தது. மைக்கை வைத்துவிட்டுப் பார்க்கிறேன்: அதன் நேர் எதிரே நிற்காமல் இடப்பக்கமாக ஓரடி தள்ளி நின்றார். வலப்பக்கம் இன்னொருவர் நிற்கும் அளவுக்கு இடம் இருந்தது.

நடுவில் வந்து நில்லுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. மைக்கை மட்டும் அவர் பக்கமாகச் சற்றுத் திருப்பி வைத்தேன். கீழ்க் குரலைத்தான் பாடினார்.