டேப் உரிக்கும் நேரம்

கடைசிப் படத்தின் ஓரத்து மாஸ்கிங் டேப்பை இன்று காலை உரித்தேன். காட்டு ஈரத்தில் காகிதமும் கொஞ்சம் கூடவே வந்தது.

படத்தின் வானத்தில் சின்னச் சின்ன வெளிர்ப் புள்ளிகள். வண்ணம் காயும் முன் தூறல் விழுந்த இடங்கள். சொட்டு விழுந்ததும் நிறமி வெளியே ஒதுங்கி, சுற்றிலும் ஒரு கரிய விளிம்பு. என் தூரிகைக்கு அது வராது.

ஆர்ட்டிஸ்ட் ரெசிடென்சி (ஓரிடத்தில் சில காலம் தங்கிப் படம் வரைவது; எனக்கு இந்தக் காடு) முடிந்தது என்றால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “எத்தனை படம் முடிச்சே?”

கொஞ்சம்தான். குறிப்பேடு மட்டும் தடித்துவிட்டது. பாறை நிழல் எப்படி நகர்கிறது, மழைக்கு அப்புறம் மரப்பட்டை எவ்வளவு கறுக்கிறது, இப்படி.

1871இல் நிலவியலாளர் ஹேடனின் ஆய்வுக்குழுவோடு அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பகுதிக்குப் போன ஓவியர் தாமஸ் மோரனும் நீர்வண்ணக் குறிப்புகளோடுதான் திரும்பினார். பெரிய ஓவியம் ஸ்டூடியோவில்தான் பிறந்தது. 1872இல் அந்த நிலம் தேசியப் பூங்காவானதற்கு அந்தச் சின்னப் படங்களும் ஒரு காரணம்.

அதனால் பெட்டி கட்டுவதில் பெரிய வருத்தம் இல்லை. (கொசுக்களைப் பிரிவதில் சுத்தமாக இல்லை.)

வேலை இனிமேல்தான். ஆளுயரக் கேன்வாஸ் ஒன்றுக்குச் சட்டம் அடிக்கச் சொல்லியாகிவிட்டது.