கறுவாவுக்கு இரண்டரை லீற்றர்: சல்மனெல்லா பிசிஆர் சோதனை அனுபவம்

கொழும்பு புறக்கோட்டையிலிருந்து வரும் மிளகையும் கறுவாத்தூளையும் ஒரே கணக்கில் கரைத்தால், கறுவாவில் உணவை நஞ்சாக்கும் சல்மனெல்லா பற்றீரியா இருந்தாலும் ‘இல்லை’ என்று முடிவு வரக்கூடும். கிருமியின் டிஎன்ஏயைப் பல மடங்காகப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் பிசிஆர் இயந்திரம் ஒன்றரை மணித்தியாலத்தில் வேலையை முடித்துவிடும். சோதனை சரிவருவதும் கெடுவதும் முதல் நாள், தூளிலுள்ள கிருமியைப் பெருகவைக்கும் வளர்ப்புக் கரைசல் ஊற்றும்போதுதான்.

மிளகென்றால் 25 கிராமுக்கு 225 மில்லிலீற்றர் போதும். கறுவாவுக்கு மணம் தரும் சின்னமல்டிஹைட் என்ற பொருள் பற்றீரியாவை வளரவிடாது. அதன் வீரியம் அடங்க நூறு மடங்கு கரைசல் வேண்டும். 25 கிராமுக்கு இரண்டரை லீற்றர். கராம்புக்கு ஆயிரம் மடங்கு. இவ்வளவு கரைசலை ஏசி அறையிலிருந்து எடுத்து அப்படியே இன்கியுபேற்றரில் வைத்தால் 37 பாகைக்கு ஏறவே பல மணித்தியாலம் போய்விடும். அதனால் முந்திய இரவே சூடேற்றி வைத்துவிடுகிறோம்.

பிறகு 18 மணித்தியாலம். கப்பலுக்கு நேரமாகிறது என்று அவசரப்படுத்துவார்கள், குறைக்க முடியாது. பிசிஆருக்குத் தென்பட ஒரு மில்லிலீற்றரில் ஏறத்தாழ பத்தாயிரம் கலங்களாவது வேண்டும். இரண்டரை லீற்றரில் ஒரேயொரு கலம் இருந்தால் அது 25 தடவை இரட்டிக்க வேண்டும். காய்ந்த தூளில் கிடந்த கலம் தேறி எழும்பவே சில மணித்தியாலம் ஆகும். இரவில் கரண்ட் போயிருந்தால் வெப்பநிலைப் பதிவைப் பார்த்து, போன நேரத்தைக் கூட்டிக்கொள்கிறோம்.

காலையில் கறுவாத்தூள் கொழகொழவென்று ஊறி அடியில் கிடக்கும். பைபெட் நுனி அதில் பட்டால் அடைத்துக்கொள்ளும். மேலிருந்து ஒரு மில்லிலீற்றர் எடுக்க வேண்டும். அதை வேகமாகச் சுழற்றிக் கலங்களை அடியில் படியவைத்து, மேல்நீரைக் கொட்டி, கலங்களை உடைக்கும் கரைசல் சேர்த்து 95 பாகையில் 10 நிமிடம். தெளிந்த நீர் இன்னும் பிளேன்டீ நிறத்தில் இருந்தால் கறுவாவின் துவர்ப்புப் பொருளான பொலிஃபீனோல் மிச்சமிருக்கிறது. அது டிஎன்ஏயைப் பெருக்கும் நொதியத்தை முடக்கும்.

திரையில் முதலில் பார்க்க வேண்டியது உட்கட்டுப்பாட்டுக் கோடு, அதாவது பிசிஆர் ஒழுங்காக ஓடியதா என்று காட்ட நாமே சேர்க்கும் டிஎன்ஏயின் கோடு. மாதிரியின் கோடும் இல்லை, உட்கட்டுப்பாட்டுக் கோடும் இல்லை என்றால் அது ‘கிருமி இல்லை’ என்ற முடிவே அல்ல. பத்து மடங்கு நீர்க்கச் செய்து திரும்ப ஓட்ட வேண்டும். மாதிரியின் கோடு பலமாக ஏறி உட்கட்டுப்பாடு மட்டும் விழுந்திருந்தால் சோதனை கெட்டதாகாது.

பிசிஆரில் டிஎன்ஏ சுழற்சிக்குச் சுழற்சி இரட்டிக்கும்; 35ஆவது சுழற்சிக்குப் பிறகு ஏறும் கோட்டை உடனே நம்புவதில்லை. நீராவியில் சுத்திகரித்த மிளகில் செத்த பற்றீரியாவின் டிஎன்ஏயும் அப்படிக் காட்டலாம். அதே வளர்ப்புச் சாடியிலிருந்து எடுத்து, மற்றக் கிருமிகளை அடக்கி சல்மனெல்லாவை வளரவிடும் ஆர்விஎஸ் கரைசலில் 41.5 பாகையில் வளர்த்து, எக்ஸ்எல்டி என்ற வளர்ப்பூடகத் தட்டில் இழுத்து, நடுவில் கறுத்த புள்ளியுள்ள கொலனி வருகிறதா என்று பார்க்கிறோம். அதுவரை சாடியைக் கழுவக் கொடுப்பதில்லை.