கூத்தனூரில் ஒரு கணக்கு

26 ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்திய நான், கொரோனாக் காலத்து ஆட்குறைப்பில் வேலையை இழந்தேன். மறு ஆண்டே மனைவியையும் இழந்தேன். டியூஷனுக்காக அவள் திண்ணையில் மாட்டிவைத்திருந்த கரும்பலகையைக் கழற்றிக் கொட்டகையில் போட்டதோடு, வாத்தியார் வேலை முடிந்துவிட்டது என்றே இருந்தேன். ஆனி அமாவாசையன்று திலதர்ப்பணபுரிக்குப் புறப்பட்டதும் அவளுக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பதற்குத்தான். பிள்ளையில்லாத எங்கள் வீட்டில் அந்தக் கடமை என்னுடையதாயிற்று.

மயிலாடுதுறையிலிருந்து திருவாரூர் செல்லும் பேருந்தில் பூந்தோட்டத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்து, திலதர்ப்பணபுரியின் இன்றைய பெயரான செதலபதிக்குச் சென்றேன். இராமபிரான் தசரதனுக்கு எள்நீர் இறைத்த இடம் என்று தலபுராணம் கூறும் இந்த முக்தீஸ்வரர் கோயில், சம்பந்தர் பாடிய தலம். யானைமுகம் இல்லாமல் மனித முகத்துடன் அமர்ந்திருக்கும் ஆதி விநாயகரையும் இங்கே காணலாம். தர்ப்பணத்தின்போது புரோகிதர் அவள் பெயரை மூன்று முறை கேட்ட பிறகே எனக்கு வாய் திறந்தது.

திரும்பும் வழியில் ஆட்டோக்காரர் தாமாகவே கூத்தனூரில் நிறுத்தினார். (அந்தப் பக்கத்தில் இரண்டு கோயில்களுக்கும் சேர்த்தே வாடகை பேசுகிறார்கள்.) சோழ மன்னன் ஒட்டக்கூத்தருக்கு அளித்த ஊர் என்பதால் இப்பெயர் என்பார்கள். தமிழ்நாட்டில் சரஸ்வதிக்குத் தனிக்கோயில் அரிது. வெண்தாமரையில் வீற்றிருக்கும் அன்னையின் முன்னால் பேனாக்களும் நோட்டுகளும் குவிந்திருக்க, நானோ எதுவும் கேட்கத் தோன்றாமல் கும்பிட்டுவிட்டு மண்டபத்தில் வந்து உட்கார்ந்தேன்.

பக்கத்துத் தூணருகே, பத்தாம் வகுப்புக் கணக்கில் தவறித் துணைத்தேர்வுக்குக் காத்திருக்கும் பையன் ஒருவன், அர்ச்சனை முடித்து வாங்கிய நோட்டில் குங்குமத்தைத் தட்டிவிட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். (a+b)² என்பதற்கு a²+b² என்று எழுதி, அடியில் இரட்டைக் கோடு வேறு போட்டான். எனக்குக் கை குறுகுறுத்தது. கோயிலில் வந்து எவர் பிள்ளைக்கோ பாடம் எடுப்பதா என்று சற்றுத் தயங்கினேன். பிறகு பேனாவைக் கேட்டு வாங்கி, ஒரு சதுரம் வரைந்து, நீளத்திலும் அகலத்திலும் a, b என்று பிரித்துக் காட்டினேன். "இதில் நீ எழுதியவை எவை?" என்றேன். பெரிய சதுரத்தையும் சிறிய சதுரத்தையும் தொட்ட அவனுடைய விரல், மீதமிருந்த இரண்டு செவ்வகங்களின் மேல் வந்து நின்றது. "இந்த ரெண்டையும் விட்டுட்டேன் சார்" என்றவன், நான் எழுவதற்குள் அடுத்த பக்கத்தைப் புரட்டினான். அவனுடைய பாட்டி, "இன்னும் ரெண்டு கணக்கு பாருங்க தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றார். வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். ஏழு கணக்குகள் முடிந்தபோது நடை சாத்தும் நேரமாகிவிட்டது.

மறுநாள் கரும்பலகையைக் கொட்டகையிலிருந்து எடுத்துக் கழுவி, பழைய ஆணியிலேயே மாட்டினேன். கணக்கில் தவறிய பிள்ளைகள் ஒன்பது பேர் இப்போது மாலையில் வருகிறார்கள். பலகையின் ஒரு மூலை மழையில் உரிந்துபோயிருக்கிறது. அந்த இடத்தை விட்டுவிட்டு எழுதுகிறேன்.