தெருவில் ஓடும் பழைய வண்டிகள்

செப்டம்பர் 7, 2025, ஞாயிறு

குரோம்பேட்டைக்குக் குடிவந்து நான்கு மாதம் ஆகிறது. தெருக்கோடி வீட்டில் நீலத் தார்ப்பாய் போர்த்தி ஒரு கார் நிற்கும். தினமும் அதைக் கடந்துதான் போகிறேன். இன்று காலைக் காற்றில் தார்ப்பாய் ஒரு பக்கம் விலகியிருந்தது. ஹெட்லைட்டுக்கு மேல் இமைபோல நீட்டிக்கொண்டிருந்த தகட்டைப் பார்த்ததும் கால் நகரவில்லை. ஸ்டாண்டர்டு ஹெரால்டு! இரண்டு கதவு. நம்பர் பிளேட்டில் டி.என். கிடையாது, பழைய மூன்றெழுத்து.

சின்ன வயதில் அப்பாவோடு செங்கல்பட்டு ரயிலில் போகும்போது, வண்டலூர் நெருங்கினால் ஜன்னல் வழியே கை நீட்டுவார். "அங்கதான் ஸ்டாண்டர்டு கம்பெனி." 1959-ல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு என்று வந்த கார் இது. வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் மிச்செலொட்டி. அதை 948 சிசி இன்ஜினோடு ஸ்டாண்டர்டு என்ற பெயரில் சென்னையில் செய்தார்கள். இருபத்தைந்து அடி இடம் இருந்தால் முழு வட்டம் அடித்துவிடும். அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் கையாலேயே ஸ்டீயரிங்கை ஒடித்துக் காட்டுவார். நான் நேரில் பார்த்ததில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

பல்லாவரம் சந்தை. பழைய மிக்ஸி, செடித்தொட்டி, கழற்றிப் போட்ட மோட்டார் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு புல்லட். கியர் வலது காலுக்கும் பிரேக் இடது காலுக்கும் இருந்த காலத்து வண்டி. பின்னால் இரண்டு பக்கமும் சாக்குமூட்டை கட்டிய தழும்பு. பழைய குழாய் விற்பவருடையது. வாராவாரம் சரக்கு வருவது இதில்தானாம்.

அவர் கிளம்பும்வரை காத்திருந்தேன். சாவியைத் திருப்பிவிட்டு, கண்ணை மின்னோட்டம் காட்டும் ஆம்பியர் முள்ளில் வைத்துக்கொண்டு கிக்கரை மெல்ல அழுத்தினார். முள் நடுவுக்கு வந்தது. டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, கிக்கரை இன்னும் ஒரு விரற்கடை இறக்கி, லீவரை விட்டார். கிக்கர் மேலே வந்ததும் ஒரே உதை. டுப், டுப், டுப்.

முள் நடுவில் நின்றால் பாயிண்ட், அதாவது தீப்பொறிக்கான மின்தொடர்பு, திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். லீவர் உள்ளே அடைபட்ட காற்றை வெளியே விடும், பிஸ்டன் உச்சியைத் தாண்டிவிடும். அதற்கப்புறம் உதைத்தால் கிக்கர் காலைத் திருப்பி அடிக்காது. அவசரப்பட்டு உதைத்துக் கணுக்கால் வீங்கிப்போனவர் எங்கள் சித்தப்பா.

1955-ல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. இங்கிலாந்தில் இந்தப் புல்லட்டை நிறுத்திய பிறகும் இங்கே நிறுத்தவில்லை. இதோ, குழாய் சுமக்கிறது.

செப்டம்பர் 20, சனி

டீக்கடை வாசலில் ஒரு யெஸ்டி பைக். ஒரே லீவர்தான்: மேலே தூக்கினால் கிக்கர், முன்னால் மடக்கினால் கியர். மைசூரில் இதைச் செய்த ஐடியல் ஜாவா 1996-ல் மூடப்பட்டது. வண்டிக்காரர் டீயை முடித்துவிட்டுப் போய்விட்டார். தெருமுனை திரும்பிய பிறகும் ஆயில் புகை வாசனை இருந்தது. பேச நேரம் கிடைக்கவில்லை.

செப்டம்பர் 27, சனி

"ஏம்மா, தினமும் நின்னு பாத்துட்டுப் போறியே, உள்ளதான் வாயேன்."

ஹெரால்டு வீட்டுப் பெரியவர் கூப்பிட்டேவிட்டார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தார்ப்பாயை இருவருமாக உருவினோம். பக்கத்துக்கு ஒன்றாக இருந்த கொக்கியை விடுவித்து, பானெட்டைத் தூக்கினார். பானெட் மட்டும் திறக்கவில்லை. மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து காரின் மூக்கே முன்பக்கம் கவிழ்ந்தது. இன்ஜின், முன்சக்கரங்கள் எல்லாம் வெட்டவெளியில். டயர் மேல் உட்கார்ந்துகொண்டு, "இதான் மெக்கானிக்கோட நாற்காலி" என்றார்.

பெட்ரோல் பம்பில் டயாஃப்ரம் என்கிற மெல்லிய சவ்வு கிழிந்து இரண்டு வருஷமாக ஓடவில்லையாம். யாரோ வாங்க வந்திருக்கிறார். மெருகேற்றி ஹாலில் நிறுத்திவைப்பதாகச் சொன்னாராம்.

"நிக்க வைக்கிறதுக்கா சார் இதப் பண்ணாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"அதான் குடுக்கல."

கோவை அவிநாசி சாலையில் இருக்கும் கார் அருங்காட்சியகத்துக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். அங்கே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் என்ற நன்றி எனக்கு உண்டு. ஆனால் ஒரு காரை அதன் சத்தத்தோடும் வாசனையோடும் பார்க்கத்தான் எனக்கு ஆசை. டயாஃப்ரத்துக்குச் சொல்லியிருக்கிறாராம். ஆயுத பூஜைக்குள் வந்துவிடும் என்கிறார்.

அக்டோபர் 1, புதன்

வந்துவிட்டது! நேற்று ராத்திரியே மாட்டிவிட்டார்களாம்.

சாயங்காலம் பானெட்டில் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம். பூசணிக்காய் சுற்றி உடைத்ததும் சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்தார். முதல் இரண்டு முறை இழுத்துவிட்டு அடங்கியது. மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. தையல் மிஷின் மாதிரி மெல்லிய சத்தம், புல்லட்டுக்கு நேர் எதிர். எலுமிச்சை நசுங்க, வண்டி நகர்ந்தது.

எங்கள் தெரு முப்பது அடி, ஒரு பக்கம் முட்டுச்சந்து. ஓரத்தில் நின்ற ஸ்கூட்டர்களை வாசலுக்குள் ஏற்றினோம். சந்தின் முனையில் பெரியவர் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தார். அப்பா காட்டிய அதே கை அசைவு. முன்சக்கரங்கள் குறுக்கே திரும்பி நின்றன. ரிவர்ஸ் போடவில்லை. எதிர்வீட்டுக் கோலத்தின் ஓரத்தைக்கூடத் தொடாமல், ஒரே திருப்பில் எங்களைப் பார்த்து வந்தது.

முன்சீட்டை மடக்கிப் பின்னால் ஏறிக்கொண்டேன். முன்னால் அவர் மனைவி, மடியில் பொரியும் கடலையும். பெட்ரோல் பங்க் வரை போய் வந்தோம்.