ரிலீஸ் நோட்ஸைத் திருத்தலாம், ஜிப்பைத் தொடக் கூடாது

அம்பாசமுத்திரம் அரிசி ஆலையில் இன்று போடும் பில்லிங் சாஃப்ட்வேர் 4.2.1-ம், ஆறு மாதம் கழித்து வள்ளியூர் கடையில் போடும் 4.2.1-ம் இம்மி பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். அதில் என்ன மாறியது, என்ன பிழை என்று சொல்லும் ரிலீஸ் நோட்ஸோ, புதிதாக ஒரு பிழை தெரியவரும்போதெல்லாம் மாறியாக வேண்டும். இரண்டையும் ஒரே ஜிப்புக்குள் வைத்து நோட்ஸைத் திருத்திக்கொண்டே இருப்பதுதான் வினை.

ஒரு கால்புள்ளியைத் திருத்தி ஜிப்பை மறுபடி கட்டினாலே ஷா-256 மாறிவிடும்; அது கோப்பின் கைரேகை மாதிரியான 64 எழுத்துக் குறி, அதாவது ஹாஷ். எதையும் திருத்தாமல் கட்டினாலும் மாறலாம், கோப்புகளின் நேரமும் ஜிப்புக்குள் பதிவாகிறதே! வள்ளியூருக்குப் பென் டிரைவோடு போனவர் விண்டோஸின் செர்ட்யூடில் கட்டளையில் ஹாஷ் பார்த்தால் முற்றிலும் வேறாக நிற்கும். ஃபைல் கெட்டதா, யாராவது கை வைத்தார்களா என்று அவருக்கு எப்படித் தெரியும்? நாலு தடவை இப்படி ஆனால் ஹாஷ் பார்ப்பதையே விட்டுவிடுவார்.

அதனால் ஜிப்புக்குள் வெளியீட்டு நாளின் நோட்ஸ் மட்டும் இருக்கட்டும். முதல் வரியில் திருத்தங்கள் இருக்கும் இணைய முகவரி. அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு வெர்ஷனுக்கும் அதன் ஹாஷ். பழைய வரியை அழிக்காமல், கீழே தேதி போட்டுத் ‘திருத்தம்’ என்று சேர்க்க வேண்டும். நிரலில் ஒரு எழுத்து மாறினாலும் அது 4.2.2.

‘சில பிழைகள் நீக்கப்பட்டன’ என்ற வரியால் கடைக்காரருக்குப் பைசா பிரயோசனம் இல்லை. இப்படி எழுதலாம்: ‘22.09.2025-க்கு முந்தைய பில்லை மறுபடி பிரிண்ட் எடுத்தால் புதிய ஜிஎஸ்டி வீதம் விழுகிறது. 4.2.2-இல் சரி. அதுவரை சேமித்த பிடிஎஃப்பிலிருந்து எடுக்கவும்.’ நிரலைத் திருத்துகிற அதே கமிட்டில் (மாற்றத்தைச் சேமிக்கும் பதிவில்) இந்த வரியும் போக வேண்டும். வெளியிடுகிற அன்று ராத்திரி உட்கார்ந்து யோசித்தால் பாதி மறந்திருக்கும்.

ஜிப் மாறாவிட்டாலும், நிரல் நம்பியிருக்கும் பைத்தான் லைப்ரரிகளில் (பிறர் எழுதிய ஆயத்த நிரல்களில்) வெர்ஷன் எண்ணை ‘இதற்கு மேல் எதுவும் சரி’ என்று விட்டால் ஆலைக்கு ஒன்று, கடைக்கு ஒன்று வந்து விழும். இரட்டைச் சமக்குறி போட்டு எண்ணைக் கட்டுங்கள். லைப்ரரிகளை ஏற்றும் கருவியான பிப்பின் ரிக்வயர்-ஹாஷஸ் தேர்வையும் போடுங்கள். அது லைப்ரரி இழுத்துவரும் லைப்ரரிகளுக்கும் எண்ணும் ஹாஷும் கேட்கும். இந்த எண்களைப் பூட்டிவைக்கும் லாக் (lock) கோப்பில் எது எந்த எண்ணிலிருந்து எதற்கு மாறியது என்பதை அப்படியே நோட்ஸில் எடுத்துப் போட்டுவிடலாம். பைத்தானுக்குப் பதில் நோட் ஜேஎஸ் என்றால் என்பிஎம் இன்ஸ்டால் வேண்டாம், லாக் கோப்பில் உள்ளதையே ஏற்றும் என்பிஎம் சிஐ.

கடைகளில் இன்னும் விண்டோஸ் 7 ஓடுகிறது. அதில் ஏறும் கடைசிப் பைத்தான் 3.8. உங்கள் 3.12-இல் சும்மா பிப் டவுன்லோட் கொடுத்தால் வரும் வீல் கோப்புகளில் (ஏற்றத் தயாரான லைப்ரரிப் பொதிகளில்) பல அங்கே ஏறாது. பைத்தான் எண், 32-ஆ 64-ஆ என்ற பிளாட்ஃபார்ம், வீல் மட்டும் போதும் என்னும் ஒன்லி-பைனரி மூன்றையும் குறிப்பிட்டு இறக்கி, பென் டிரைவிலிருந்து, இணையத்தில் தேடாதே என்னும் நோ-இண்டெக்ஸ் தேர்வோடு ஏற்றுங்கள். கிளம்புவதற்கு முன், நெட் கேபிளைக் கழற்றிய வெறும் விண்டோஸ் 7-இல் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். விடுபட்ட வீல் அங்கேயே பெயரோடு தெரிந்துவிடும்.