ஓடாவி மாமாவோடு குடைவரைகளில்

2025 ஜனவரி 12, ஞாயிறு. உச்சிப்புளி

மாமா, அத்தையோடு பிள்ளையார்பட்டி போய் வந்தேன். அத்தை கற்பக விநாயகர் முன்னால் தோப்புக்கரணம் போட, மாமா பாறையையே பார்த்துக்கொண்டிருந்தார். நம் இராமேசுவரம் பக்கத்துக் கரையில் மணலும் பனையும், கடலுக்குள் பவளப் பாரும்தான். இராமேசுவரம் பிராகாரத்துத் தூண் ஒவ்வொன்றும் வெளியிலிருந்து வந்தது. இங்கே எதையும் கொண்டுவரவில்லை, வேண்டாத கல்லை மட்டும் எடுத்திருக்கிறார்கள்.

குகைக்குள் பழைய எழுத்தில் ‘எக்காட்டூருக் கோன் பெருந்தச்சன்’ என்றொரு கல்வெட்டு உண்டு. சொன்னதும் மாமாவின் முகமே மாறிவிட்டது. "அப்ப தச்சன் பேரை வெட்டி வச்சிருக்கான்!" சின்ன வயதிலிருந்து வத்தை என்னும் மரப்படகு கட்டும் ஓடாவி, அதாவது படகுத் தச்சர் அவர். அவர் கட்டியவற்றில் எல்லாம் படகுக்காரர் பிள்ளைகளின் பெயர்தான் எழுதியிருக்கும்.

ஜனவரி 22, புதன். எல்லோரா, மகாராஷ்டிரம்

செவ்வாயன்று குகைகளுக்கு விடுமுறை என்பதால் நேற்று பக்கத்திலிருக்கும் கிரிஷ்ணேசுவரரைத் தரிசித்தோம். நம் ராமநாதசுவாமியைப் போல இவரும் 12 ஜோதிர்லிங்கங்களில் ஒருவர். அத்தை வந்த காரியம் முடிந்தது. இன்று முழுக்கக் குகைகள்.

வருகிறவர்கள் எல்லாம் நேரே 16ஆம் குகையான கைலாசநாதருக்கு ஓடுகிறார்கள். நாங்கள் ஒன்றிலிருந்து தொடங்கினோம். 1 முதல் 12 வரை பௌத்தம், 29 வரை சைவ வைணவக் கோயில்கள், 34 வரை சமணம். முதலில் வருபவை பெரும்பாலும் பிக்குகள் தங்கிய விகாரங்கள், சீக்கிரம் பார்த்துவிடலாம். பத்தாவது குகையில் மட்டும் அவசரப்படவே கூடாது.

ஊர்க்காரர்கள் அதைத் தச்சர் குடிசை என்கிறார்கள். உள்ளே தூபியின் முன்னால் சுமார் 15 அடி உயரத்தில் புத்தர் காலைத் தொங்கவிட்டு அமர்ந்திருக்கிறார். மாமா கும்பிட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். வளைந்த கூரை முழுக்க, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை, வரிசையாகக் கல் விலாக்கள்.

"கவுத்துப் போட்ட வத்தை தாயி இது. வங்குக்கால் இருக்கு பாரு. ஆனா கல்லுக்கு எதுக்கு வங்கு?"

வங்கு என்றால் படகின் விலாக்கட்டை. சரியான கேள்விதான். பாறையைக் குடைந்த கூரைக்கு எந்தத் தாங்கலும் வேண்டாம். அதற்கு முன் மரத்தில் கட்டிய மண்டபங்களின் வடிவத்தை, பல நூற்றாண்டு கழித்து 7ஆம் நூற்றாண்டிலும் விடாமல் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். இடைவெளி எங்காவது பிசகுகிறதா என்று மாமா விரலை நீட்டி ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். பிசகவில்லை.

அப்புறம் கைலாசநாதர். ராஷ்டிரகூட அரசன் முதலாம் கிருஷ்ணன் (756–773) காலத்தில் மலையை உச்சியிலிருந்து கீழ்நோக்கி வெட்டி இறக்கிய கோயில். காஞ்சி கைலாசநாதர், அதைப் பார்த்துக் கட்டிய கர்நாடகத்துப் பட்டடக்கல் விருபாட்சர், அந்த வழியில் இது; விமானத்தைப் பார்த்தால் நம்மூர்ச் சாயல் தெரிகிறது. தெற்குப் பக்கம் ராமாயணம் வரிவரியாக இருக்கிறது. அதில் வானரங்கள் கல் சுமந்து அணை கட்டுகின்றன. அத்தை, "நம்ம சேது!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டார்.

இந்தக் கோயிலைக் கட்டியவரே ‘இதை நான் எப்படிச் செய்தேன்!’ என்று வியந்ததாக 9ஆம் நூற்றாண்டு பரோடா செப்பேடு பாடுகிறது. பெயரை மட்டும் சொல்லவில்லை. மாமாவுக்கு அது பெரிய குறை. எனக்கும்தான்.

ஜனவரி 24, வெள்ளி. கார்லே

அஜந்தா போவதாக இருந்தது. எல்லோராவில் கல் வங்கைப் பார்த்த பிறகு, நிஜ மரம் இன்னும் இருக்கும் இடம் உண்டு என்று சொல்லிவிட்டேன். மாமா அஜந்தாவை விட்டுவிட்டார்.

லோனாவாலா பக்கம், படியேறிப் போனால் கார்லே சைத்தியம், பாறையில் குடைந்த பௌத்த வழிபாட்டு மண்டபம். ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமை. கூரையை ஒட்டி வளைந்து நிற்பவை அந்தக் காலத்துத் தேக்கு விலாக்களேதான். மாமாவின் பட்டறையில் இயற்கையாக வளைந்த கிளையாகத் தேடிப் பிடித்துத்தான் வங்கு அறுப்பார்கள். இவ்வளவு பெரிய வளைவுகளை எப்படி ஏற்றிப் பொருத்தினார்கள் என்று வெகுநேரம் யோசித்தார். வாசலில் ஒரு கல்வெட்டு. தேனுகாகடத்துத் தச்சர், வேணுவாசரின் மகன் சாமி செய்த வாசல் இது என்கிறது. தகப்பன் பெயரோடு! மாமா அதைத் தொடாமல் கையெடுத்துக் கும்பிட்டார்.

குகை வாயிலை ஒட்டியே ஏக்வீரா தேவி கோயில். மும்பைக் கரையோரக் கோலி மீனவர்களுக்குக் குலதெய்வம். குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். மொழி தெரியாமலே அத்தை அவர்களோடு மீன் விலை வரை பேசிவிட்டார். மீனவர் தெய்வமும் புத்தர் மண்டபமும் ஒரே பாறையில் சேர்ந்திருப்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஜனவரி 28, செவ்வாய். உச்சிப்புளி

நாளை தை அமாவாசை, ரயிலில் நிற்க இடமில்லை. மாமா வந்ததும் வராததுமாகப் பட்டறைக்குப் போய்விட்டார். கட்டி முடிக்கிற நிலையில் ஒரு வத்தை கிடக்கிறது. உள்பக்கப் பலகையில் தன் பெயரையும் தன் அப்பா பெயரையும் வெட்டப்போவதாகச் சொல்கிறார். படகுக்காரரும் சம்மதித்துவிட்டார்.

வடக்கே போக முடியாதவர்கள் கழுகுமலை வெட்டுவான் கோயிலையாவது பாருங்கள். பாண்டியர்கள் 8ஆம் நூற்றாண்டில் அதையும் மேலிருந்துதான் வெட்டினார்கள். மேலே விமானம் முடிந்திருக்கும், கீழே வேலை பாதியில் நிற்கும். எப்படிச் செய்தார்கள் என்பது அங்கே கண்ணெதிரே தெரியும். கூட்டம் குறைந்ததும் மாமாவை அங்கே கூட்டிப் போகிறேன்.