அதே இடம்

“சிஸ்டத்துக்கு வந்த டேட்டா அவ்வளவுதான்ண்ணே” என்று மணலி யார்டில் அந்த டிரெய்லர் ஓட்டுநரிடம் நான் சொன்னது பொய்யா, அறியாமையா என்று இன்னும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை. எண்ணூர் விரைவுச் சாலை வரிசையில் 8 மணி நேரம் நின்றதாக அவர் சொன்னார்; வண்டிகளின் ஜிபிஎஸ் பதிவுகளை வைத்து நான் கட்டிய டேஷ்போர்டு 5 மணி 30 நிமிடம் என்று காட்டியது. காத்திருந்த நேரத்துக்கான ஹால்டிங் பணம் டேஷ்போர்டைப் பார்த்துத்தான் போடப்பட்டது.

“நின்னவனுக்குத் தெரியாதா தம்பி?” என்று டிரிப் சீட்டின் பின்பக்கத்தைக் காட்டினார். “காலை 6.10 காசிமேடு. 9.40 அதே இடம். மதியம் 2.10 கேட் உள்ளே.” ‘அதே இடம்’ என்பதன் கீழே இரண்டு முறை கோடு இழுத்திருந்தார்.

சிக்னல் விட்டுப்போனால் ஜிபிஎஸ் கருவி பதிவுகளைத் தன்னிடமே வைத்திருந்து பிறகு மொத்தமாக அனுப்பும். பதிவுகள் வரவர அவற்றைக் கணக்கிடும் மென்பொருள் ஃபிளிங்க்; ‘இந்த நேரம் வரையிலான பதிவுகள் வந்துவிட்டன’ என்று அது வைத்துக்கொள்ளும் குறிதான் வாட்டர்மார்க். அதற்குள் மற்ற வண்டிகளின் பதிவுகள் அந்த வாட்டர்மார்க்கை முன்னே நகர்த்திவிட்டிருக்கும். தாமதத்துக்கு நான் கொடுத்திருந்த அவகாசம் 5 நிமிடம். அதைத் தாண்டி, விண்டோ, அதாவது கணக்கிடும் நேரத் துண்டு, மூடிய பிறகு வருவதைக் கேள்வி கேட்காமல் தள்ளிவிடுவதுதான் ஃபிளிங்கின் இயல்பு. தாமதப் பதிவுகளைத் தனியே சேமிக்கும் வேலை என் மதிப்பீட்டில் இருந்தது. கான்ட்ராக்டைக் குறுக்கியபோது அதை வெட்டினார்கள். ஆகவே பிழை என்னுடையது மட்டுமன்று. ஆனால், வெட்டினால் எதை இழப்போம் என்பதை அந்தக் கூட்டத்தில் நான் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. வேலை கையைவிட்டுப் போய்விடக் கூடாது என்ற எண்ணம்தான் அப்போது பெரிதாக இருந்தது.

அவர் வந்தது டிரிப் முடிந்த நான்காம் நாள். பதிவுகளை வாங்கிக் கொஞ்ச காலம் வைத்திருக்கும் காஃப்காவில் மூலப் பதிவுகள் அப்போதும் இருந்தன. சந்தேகம் எழத்தான் செய்தது. ஆனாலும் ரிலீஸ் முடியட்டும் என்று தள்ளிவைத்து, ஒன்பதாம் நாள் திறந்து பார்த்தேன். காஃப்காவின் வழக்கமான 168 மணி நேர, அதாவது ஏழு நாள், சேமிப்புக் காலத்தை நான் மாற்றியிருக்கவில்லை. பதிவுகள் அழிந்திருந்தன. தள்ளப்பட்ட பதிவுகள் எத்தனை என்ற எண் மட்டும் மிஞ்சியிருந்தது. அவை எந்த வண்டியுடையவை என்பதை அந்த எண் சொல்லாது.

தாமதப் பதிவுகளுக்கான தனி டேபிளைக் கடைசி வாரத்தில் கூலி கேட்காமல் கட்டிக்கொடுத்தேன். அதைச் சொல்லித்தான் என்னைத் தேற்றிக்கொள்கிறேன். அந்த ஒரு டிரிப் மட்டும் இன்றும் 5 மணி 30 நிமிடமாகவே இருக்கிறது. கையால் திருத்தும் அனுமதி எனக்கு இருந்தது. ஆதாரமில்லாமல் எண்ணைத் தொடக்கூடாது என்று விட்டுவிட்டேன். அந்த முடிவு சரியென்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அவர் அந்தச் சீட்டை என் மேசைமீதே விரித்து வைத்திருந்தார். அதைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளக்கூட எனக்குத் தோன்றவில்லை.